தன் கூடையைத் தானே நிறுக்கலாமா? விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வரும் மலையகத்தாருக்கு

நான் படித்த பாடசாலையைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை இல்லையே என்பது எனக்கு நெடுநாள் குறை. ஒரு ஏப்ரல் விடுமுறையில் இரண்டு இரவு கண்விழித்து எழுதி முடித்தேன். "மலையகத்தின் கலங்கரை விளக்கமாய் ஒளிரும்" என்று தொடங்கியது அது. மறுநாள் பார்த்தால் கட்டுரையின் தலையில் இரண்டு எச்சரிக்கைப் பெட்டிகள். கட்டுரையோடு சேர்ந்த பேச்சுப் பக்கத்தில் முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்: "கடலே இல்லாத ஊருக்குக் கலங்கரை விளக்கம் எதற்கு? எழுதியவருக்கும் பாடசாலைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?"

முதல் கேள்விக்குச் சிரித்துவிட்டேன். இரண்டாவது குத்தியது. அப்போது நான் பழைய மாணவர் சங்கத்தின் உப செயலாளர். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பொய் எழுதவில்லையே, நல்லதைத்தானே எழுதினேன் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் எச்சரிக்கைப் பெட்டிகளை நானே நீக்கினேன். அது இன்னும் பெரிய பிழை என்று பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தனக்கு லாபநட்டம் உள்ள விஷயத்தைத் தானே எழுதும் இந்தச் சிக்கலை விக்கிப்பீடியர்கள் 'நலமுரண்' என்பார்கள். சொல் புதிதாக இருந்தாலும் விஷயம் நமக்குப் பழகியதுதான். பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தை நினைத்துப் பாருங்கள். கூடையோடு நிற்பவர் ஒருவர், தராசைப் பார்த்துக் கிலோவை எழுதுகிறவர் இன்னொருவர். தன் கூடையைத் தானே நிறுத்துத் தன் பெயருக்கு நேரே தானே எழுதிக்கொள்ள எந்தத் தோட்டத்திலும் விடமாட்டார்கள். எழுதுகிறவரின் மனைவியே வரிசையில் வந்தால் என்ன நடக்கும்? பின்னால் நிற்கிற அத்தனை பேரின் கண்ணும் தராசில்தான் இருக்கும். அவர் நேர்மையாகவே நிறுத்திருப்பார், ஆனாலும் முணுமுணுப்பு எழும். அந்த ஒரு கூடையை மட்டும் வேறொருவர் நிறுத்தால் பேச்சு அடங்கிவிடும். அதேபோல, கூடைக்காரிக்கு வாய் இல்லை என்றும் சொல்ல முடியாது. "இருபத்திரண்டு காட்டுது, பத்தொன்பதுன்னு எழுதுறீங்களே" என்று எல்லார் முன்னாலும் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. விக்கிப்பீடியாவில் அப்படிக் கேட்கிற இடத்தின் பெயர்தான் பேச்சுப் பக்கம்.

முதலில், கணக்கைத் திறக்கும் முன்பே, ஒரு தாளை எடுங்கள்

உங்களுக்கு நெருக்கமானவற்றை அதில் எழுதுங்கள். நீங்கள், உங்கள் குடும்பம், வேலை செய்யும் இடம், படிப்பிக்கும் பாடசாலை, சந்தா கட்டும் தொழிற்சங்கம், வாக்குக் கேட்டு அலைந்த கட்சி, கோயில் பரிபாலன சபை, மச்சான் எல்லவில் நடத்தும் ஹோம்ஸ்டே, நண்பனின் கவிதைத் தொகுப்பு. மலையகத்தில் இந்தப் பட்டியல் சீக்கிரம் நீளும். ஒரு டிவிஷனுக்குள் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம்.

பயந்துவிட வேண்டாம். மலையகத்தவர் என்பதற்காக மலையகத்தைப் பற்றி எழுத முடியாது என்று எந்த விதியும் இல்லை. ஹட்டனில் பிறந்தவர் ஹட்டன் நகரத்தைப் பற்றி எழுதலாம், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் தேயிலை பதனிடுவதைப் பற்றி எழுதலாம். அங்கே உங்கள் அனுபவம் பலம்தான். ஆனால் அதே ஆள் தனக்குச் சம்பளம் தரும் கம்பனியைப் பற்றி எழுதினால் அது நலமுரண். இருபது வருடத்துக்கு முன் படித்த பாடசாலையில் இப்போது எந்தப் பொறுப்பும் இல்லை என்றால் தொடர்பு மெல்லியது. சங்கத்தில் பதவி வகிக்கிறீர்கள் என்றால் கெட்டியானது. எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: கட்டுரையில் வரும் ஒரு வரியால் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ லாபமோ நட்டமோ மானக்கேடோ வருமா? வரும் என்றால் அது தாளில் ஏற வேண்டியது.

புதியவர்கள் தவறவிடும் ஒரு வகை உண்டு. பிரியம் மட்டும்தான் நலமுரண் என்று நினைக்கிறார்கள். பகையும் நலமுரண்தான். சங்கத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டவர் அந்தச் சங்கத் தலைவரின் கட்டுரையில் 'சர்ச்சைகள்' என்று பெரிய பகுதி சேர்ப்பது, நிர்வாகத்தோடு தொழில் நியாயசபையில் வழக்குப் பேசுகிறவர் அந்தக் கம்பனியின் கட்டுரையைத் திருத்துவது எல்லாம் இதில் அடங்கும். அவர் சொல்வது முழு உண்மையாகவும் இருக்கலாம். அப்போதும் அவர் நிற்கும் இடம் கூடை வரிசைதான், தராசுப் பக்கம் இல்லை. ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் கேட்டு நடந்த சம்பளப் போராட்டத்தையே எடுங்கள். அதில் தெருவில் நின்ற ஒருவர் அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பத்திரிகை ஆதாரங்களோடு எழுதுவதை நான் தடுக்க மாட்டேன். தன்னை வேலைநீக்கம் செய்த தோட்டத்தின் கட்டுரையில் அவர் கைவைப்பதைத் தடுப்பேன்.

கணக்கு

கணக்கு ஓர் ஆளுக்கு உரியது. சங்கத்தின் பெயரிலோ பாடசாலையின் பெயரிலோ திறந்து கடவுச்சொல்லைக் குழுவுக்குள் பகிர வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் அமைப்பின் பெயரைக் கணக்குப் பெயராக வைத்தால் தடை விழலாம். சொந்தப் பெயர்தான் வேண்டும் என்பதும் இல்லை, புனைபெயர் போதும். புகுபதிகை செய்யாமல் எழுதினால் யாருக்கும் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு தொகுப்பும், அதாவது நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும், 'வரலாறு' பக்கத்தில் நாள், நேரத்தோடு நிற்கும். அழித்தாலும் அழித்த கதை நிற்கும்.

பயனர் பக்கத்தில் இரண்டு வரி

இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காததால்தான் முக்கால்வாசிச் சண்டைகள் வருகின்றன. மேலே உங்கள் பெயரை அழுத்தினால் வெறும் பக்கம் ஒன்று திறக்கும். அதில் இப்படி எழுதலாம்:

"நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தவன். பண்பாடு, புவியியல் பற்றி எழுத விருப்பம். இன்ன பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தில் உறுப்பினர். அப்பாடசாலை பற்றிய கட்டுரையை நேரடியாகத் தொகுக்க மாட்டேன், பேச்சுப் பக்கத்தில் மட்டும் கருத்திடுவேன்."

இவ்வளவுதான். அடையாள அட்டை இலக்கமோ தொலைபேசி எண்ணோ லயன் வீட்டு இலக்கமோ யாரும் கேட்கவில்லை, நீங்களும் போட வேண்டாம். தொடர்பு என்ன என்பதைச் சொன்னால் போதும். நீங்களாக வெளியிடாத சொந்த விபரங்களை இன்னொரு பயனர் தோண்டி எடுத்துப் போடுவதும் அங்கே குற்றம்தான்.

காசு வாங்கி எழுதினால் கதை வேறு. நலமுரண் பற்றிய மற்ற விடயங்கள் பெரும்பாலும் வழிகாட்டல், நல்ல பழக்கம் என்ற அளவில் நிற்கின்றன. ஊதியத் தொகுப்பை வெளிப்படுத்துவது அப்படி இல்லை. 2014 முதல் அது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிமுறையிலேயே இருக்கிறது. யார் காசு தருகிறார், யாருக்காக எழுதுகிறீர்கள், உங்களுக்கு அவரோடு என்ன உறவு என்ற மூன்றையும் பயனர் பக்கத்திலோ, கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலோ, மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்திலோ சொல்லியாக வேண்டும். கையில் காசு வாங்கினால்தான் ஊதியம் என்று நினைக்க வேண்டாம். கம்பனியில் விளம்பரப் பிரிவில் இருக்கிறீர்கள், மேலதிகாரி "நம்ம பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க" என்கிறார். அதுவும் ஊதியத் தொகுப்புத்தான். பயிற்சிக்கு வந்த பிள்ளையிடம் இந்த வேலையைத் தள்ளிவிடுகிற நிறுவனங்களும் உண்டு. பழி அந்தப் பிள்ளையின் கணக்கில்தான் விழும்.

எழுதிப் பழகுவதற்கு அடுத்தவர் தோட்டம்

தாளில் இருப்பதை ஒதுக்கி வையுங்கள். முதல் இருபது, முப்பது தொகுப்புகளை உங்களுக்கு லாபநட்டம் இல்லாத இடத்தில் செய்யுங்கள். நான் ரயில் நிலையங்களில் மீண்டும் தொடங்கினேன். நானுஓயாவிலிருந்து பதுளை வரை போகிற பாதையில் ஒவ்வொரு நிலையமாகப் பார்த்தேன். 1921 இல் திறக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரையில் பாதை தன்னையே சுற்றித் தன் அடியிலேயே நுழையும் வளையம் என்று சுவையான விஷயங்கள் கிடைத்தன. ரயில் நிலையத்துக்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை.

வரலாற்றில் விருப்பமா? ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை போட்டதைப் பற்றி ஏராளம் எழுதியிருக்கிறார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் சூட்டில் விழுந்த தோட்டத் தொழிலாளி கோவிந்தனைப் பற்றி அவ்வளவு கிடையாது. தொழிற்சங்க முன்னோடி நடேசய்யர், அவர் மனைவி மீனாட்சி அம்மாள், 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை, 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் என்று எதை எடுத்தாலும் மேற்கோள் சேர்க்க இடம் இருக்கும். ஆதாரத்துக்கு நூலகம் இணையத்தளத்தைத் திறந்து வையுங்கள். பழைய மலையகச் சஞ்சிகைகள் பல அங்கே வருடப்பட்டுக் கிடக்கின்றன.

இதில் இன்னொரு நன்மை உண்டு. ஆதாரம் இல்லாமல் ஒரு வரியும் நிற்காது என்பதை வேறொருவரின் விஷயத்தில் கற்றுக்கொள்வது சுலபம். சொந்த விஷயத்தில் அது வலிக்கும்.

சொந்த விஷயத்தில் என்ன செய்வது

இனித்தான் முக்கியமான பகுதி. உங்கள் பாடசாலையின் கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. 'தொகு' என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அழுத்தினால் ஒரு நிமிட வேலை. அதை விட்டுவிட்டு 'உரையாடல்' என்பதை அழுத்துங்கள், பேச்சுப் பக்கம் அதுதான். அங்கே எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் முதலில் கேட்டது: "இது எங்கள் பாடசாலை. விபரங்கள் பிழையாக உள்ளன. உடனடியாகத் திருத்தவும்." யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? எந்த விபரம், எப்படிப் பிழை, எதை வைத்துத் திருத்துவது, ஒன்றும் அதில் இல்லை.

பிறகு கேட்டது ஏறத்தாழ இப்படி: "நான் இப்பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறேன். 'வரலாறு' பகுதியின் முதல் வரியில் தொடக்க ஆண்டு 1936 என்றுள்ளது. அதை 1926 என்று மாற்றக் கோருகிறேன். ஆதாரம்: இன்ன சஞ்சிகை, இன்ன இதழ், இன்ன பக்கம்." கடைசியில் நான்கு அலைக்குறிகள் ~~~~ போட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும்.

தொடர்பு, இருக்கும் வரி, வேண்டும் வரி, ஆதாரம். இந்த நான்கும் இருந்தால் படிக்கிறவருக்கு இரண்டு நிமிட வேலை. ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றத்தை மட்டும் கேளுங்கள். பத்து மாற்றத்தை ஒன்றாகக் கொட்டினால் அதில் ஒன்று சந்தேகமாக இருந்தாலும் பத்தும் கிடப்பில் போகும்.

அதன்பின் பொறுங்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. அதன் ஆரம்ப காலத்திலிருந்து எழுதிக் குவித்தவர்களில் முதன்மையான இ. மயூரநாதன் நம் இலங்கைக்காரர்தான். ஆனால் தினமும் வந்து வேலை செய்கிறவர்கள் இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள், அவர்களுக்கும் வேலை, குடும்பம் உண்டு. இரண்டு, மூன்று வாரம் பதில் இல்லை என்றால் 'ஆலமரத்தடி' என்ற பொதுப் பக்கத்தில் போய், இன்ன பேச்சுப் பக்கத்தில் ஒரு கோரிக்கை இருக்கிறது என்று மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். உண்மையில் அங்கே நடப்பதும் மரத்தடிப் பேச்சுத்தான்.

கேட்காமலே செய்யக்கூடிய சில சின்ன வேலைகள் இருக்கின்றன. எழுத்துப்பிழையைத் திருத்தலாம். யாரோ கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போயிருந்தால் முன்னைய நிலைக்குக் கொண்டுவரலாம். உயிரோடு இருக்கும் ஒருவர்மேல் ஆதாரமே இல்லாமல் பழி போட்டிருந்தால் உடனே நீக்கலாம். இவற்றைச் செய்யும்போதும் தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பாடசாலை வாசலைப் படம் பிடித்து, படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம், ஆனால் நீங்களே பிடித்த படமாக இருக்க வேண்டும். பேஸ்புக்கிலிருந்து எடுத்ததும் பத்திரிகையிலிருந்து வெட்டியதும் ஆகாது.

எது ஆதாரம்?

இங்கேதான் மலையகத்தவர் மூச்சு முட்டுகிற இடம். நம்முடைய கதையில் பாதி தாத்தா, பாட்டியின் வாயில்தான் இருக்கிறது. பெரிய கங்காணி காலத்தில் யார் கோயில் கட்டினார், எந்த வருடம் மண்சரிவில் எந்த லயன் போனது என்று கேட்டால் ஒரு கிழவி நாள் கிழமையோடு சொல்வாள். அதை விக்கிப்பீடியா ஏற்காது. எனக்கும் இதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் விதி விளங்குகிறது. கிழவியிடம் நான் கேட்டேனா, கேட்டதாக எழுதினேனா என்பதைத் திருநெல்வேலியில் இருந்து படிக்கிறவர் எப்படிச் சரிபார்ப்பார்? அவள் சொன்னதை ஒலிப்பதிவு செய்யுங்கள், ஒரு சஞ்சிகைக்குக் கட்டுரையாக எழுதி அனுப்புங்கள். அது ஆசிரியர் பார்வை கடந்து அச்சில் வந்தபின் வேறு யாராவது அதை மேற்கோள் காட்டலாம். நீங்களே காட்ட விரும்பினால் பேச்சுப் பக்கத்தில், "கட்டுரையை எழுதியவன் நான்தான்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பாடசாலையின் பொன்விழா மலர், சங்கத்தின் மாநாட்டு மலர், கம்பனியின் ஆண்டறிக்கை எல்லாம் அவரவர் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னவை. தொடங்கிய ஆண்டு, அதிபர்களின் பெயர் வரிசை போன்ற சாதாரண விபரங்களுக்கு உதவும். "மாவட்டத்திலேயே சிறந்த" என்பதற்கு உதவாது. கட்டுரை ஒன்று இருக்கத் தகுதி உண்டா என்பதைத் தீர்மானிக்கவும் உதவாது. அதற்குத் தொடர்பில்லாதவர்கள் எழுதியது வேண்டும். பத்திரிகைச் செய்தியிலும் கவனம் தேவை. பிரதேசப் பக்கத்தில் வரும் விழாச் செய்திகளில் பல, விழா நடத்தியவர்களே எழுதிக் கொடுத்தவை. நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒரு எழுத்து மாறாமல் வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் "பத்திரிகையே சொல்கிறது" என்று வாதாட எனக்கு இப்போது வெட்கமாக இருக்கும்.

நம் கையை மீறி வந்துவிழும் சொற்கள்

மேடைத் தமிழும் மரண அறிவித்தல் தமிழும் நம் விரல் நுனியில் இருக்கின்றன. "அன்னாரின் தன்னலமற்ற சேவையால் தோட்ட மக்கள் ஏற்றம் கண்டனர்." இதிலிருந்து எதைச் சரிபார்ப்பது? எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்ன பதவியில் இருந்தார், எந்தப் போராட்டத்தில் பங்கெடுத்தார், அதற்கு எது ஆதாரம் என்று எழுதுங்கள். 'ஐயா', 'அமரர்', 'கௌரவ', 'மாண்புமிகு' எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஆசிரியரை வெறும் பெயரால் எழுத எனக்குக் கை கூசியது. அந்தக் கூச்சம் வந்தாலே நீங்கள் அந்தக் கட்டுரைக்கு மிக நெருக்கமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சண்டை வந்தால்

உங்கள் எழுத்தை யாராவது நீக்கினால் திரும்பப் போடாதீர்கள், பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் வந்து நம்ம பக்கத்தைக் காப்பாத்துங்க" என்று அழைப்பு விடுக்காதீர்கள். ஒரே மாலையில் பதினைந்து புதுக் கணக்குகள் ஒரே கருத்தோடு வந்தால் அவை கைப்பாவைகளாகவே, அதாவது ஒரே ஆள் ஆட்டிவைக்கும் போலிக் கணக்குகளாகவே, பார்க்கப்படும். "நீ என் பாடசாலையை எழுது, நான் உன் அப்பாவை எழுதுகிறேன்" என்ற கைமாற்றும் அதே வகைதான். கேட்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும், வரலாற்றுப் பக்கத்தில் பார்த்தால் அப்பட்டமாகத் தெரியும். பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே தன்னைப் பற்றிய கட்டுரையில் கைவைத்தது 2005 இல் வெளியே வந்து சங்கடமாகியது.

பண்டாரவளை, எல்ல பக்கம் விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. "உங்கள் விடுதிக்கு விக்கிப்பீடியாப் பக்கம் செய்து தருகிறோம், மாதம் இவ்வளவு கட்டினால் யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். 2015 இல் ஆங்கில விக்கிப்பீடியா 381 கணக்குகளை ஒன்றாகத் தடை செய்தது. சிறு வணிகர்களிடம் இப்படிக் காசு கறந்த கூட்டம் அது. காசு கொடுத்து அங்கே ஒரு பக்கத்தைப் பாதுகாக்க எவராலும் முடியாது. நிருவாகிகளும் அதற்குக் காசு வாங்குகிறவர்கள் இல்லை.

என் பாடசாலைக் கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் எழுதிய நான்கு பக்கம் பதினொரு வரியாகச் சுருங்கியது. சுருக்கியவர் நான் இல்லை. என் கோரிக்கையைப் போட்டுப் பத்தொன்பது நாள் கழித்து, நான் ஒரு திருமண வீட்டில் இருந்தபோது, கைப்பேசிக்கு அறிவித்தல் வந்தது. அந்தக் கலங்கரை விளக்கக் கேள்வியைக் கேட்ட அதே ஆள், சஞ்சிகைப் பக்கத்தைத் தானே தேடிப் பார்த்து 1936 ஐ 1926 ஆக்கியிருந்தார். சுருக்கத்தில் "பேச்சுப் பக்கக் கோரிக்கைப்படி, ஆதாரம் சரிபார்க்கப்பட்டது" என்று இருந்தது. நன்றி சொல்லும் இணைப்பை அழுத்திவிட்டு, பந்திக்குப் போனேன்.